இருபது வருஷம் கழிச்சு டெஸ்ஸை அம்மாவுக்குச் சொன்ன கதை

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை மாசம் நான் ஊர்லயே தங்கி இருந்தேன். பகல் பொழுது எக்சர்சைஸ், சமையல், வந்துபோற ஒறம்பரைன்னு ஓடிரும், ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் கஷ்டம், வலியில தூக்கம் வராது, டிவி சத்தமும் ஆகலை. அட்டாலியில ஏதோ எடுக்கப் போனப்போ என் காலேஜ் பொஸ்தகப் பெட்டி கிடைச்சுது, அதுல தாமஸ் ஹார்டியோட 'டெஸ் ஆஃப் த டர்பர்வில்ஸ்' இருந்துது, பிஏ இங்கிலீஷ் லிட்ரேச்சர் ரெண்டாவது வருஷம் நாவல் பேப்பருக்கு வச்சிருந்தாங்க. பொழுது போகட்டும்னு அம்மாவுக்குக் கதையாச் சொல்ல ஆரம்பிச்சேன். காலையில அம்மா தூங்கற நேரத்துல நான் ரெண்டு அத்தியாயம் படிச்சுக்குவேன், ராத்திரி அதைத் தமிழ்ல சொல்லுவேன். மொத்தம் 59 அத்தியாயம், ஒரு மாசத்துல முடிஞ்சுது. அந்த ஒரு மாசத்துல நான் கத்துக்கிட்டது காலேஜ்ல மூணு வருஷம் கத்துக்கிட்டதை விட எச்சு, அதான் எழுதி வைக்கணும்னு தோணுச்சு. கதையோட முடிவு வரைக்கும் சொல்லப்போறேன், இனிமேதான் படிக்கணும்னு இருக்கறவங்க முதல்ல நாவலைப் படிச்சுட்டு வாங்க.

காலேஜ்ல எப்படிப் படிச்சேன்னு சொல்லிடறேன். நாவலைப் பாதி படிச்சேன், கைடை மூணு தடவ படிச்சேன். எங்க மேடம் உள்பட எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, விதி. டெஸ் விதியோட கைப்பாவை. பரீட்சையில நாலு பக்கம் அதையே எழுதினேன், நல்ல மார்க்கும் வந்துது. இப்போ அந்தப் பொஸ்தகத்தைத் திறந்தா ஓரத்துல பூரா பென்சில்ல 'விதி', 'விதி'ன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். குதிரை செத்த பக்கத்துல, லெட்டர் கார்ப்பெட்டுக்கு அடியில போன பக்கத்துல, குழந்தை செத்த பக்கத்துல.

கதை சுருக்கமா இதுதான். இங்கிலாந்துல தென்மேற்குப் பக்கம் மார்லட்னு ஒரு கிராமம், அங்க டர்பிஃபீல்டுன்னு ஒரு ஏழைக் குடும்பம், அப்பன் குடிகாரன், ஏழு குழந்தைங்க, மூத்தவ டெஸ். ஒரு நாள் பாதிரியார் ஒருத்தர் அந்த ஆள்கிட்ட, நீங்கெல்லாம் டர்பர்வில்ன்ற பழைய பிரபு வம்சத்து ஆளுங்கய்யான்னு சொல்லிட்டுப் போயிடறார். அன்னைக்குக் குடிச்சவன் ராத்திரி எழுந்து வண்டி ஓட்ட முடியாமப் படுத்துக்கறான், தேன்கூட்டுப் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகணும், வேற வழியில்லாம டெஸ் சின்னத் தம்பியையும் கூட்டிட்டு ராத்திரியோட ராத்திரியா வண்டியில கிளம்பறா, அசதியில தூங்கிடறா, எதிர்ல வேகமா வந்த தபால் வண்டியோட ஏர்க்கால் குதிரை நெஞ்சுல குத்தி குதிரை செத்துப்போகுது. அந்தக் குதிரைதான் குடும்பத்துக்கே சோறு. தன்னாலதான் போச்சுன்னு டெஸ் நினைக்கறா, அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் டர்பர்வில்னு பேர் வச்சிருக்கற பணக்கார வீட்டுக்கு, சொந்தம்னு சொல்லி உதவி கேட்டுப் போறா, அந்த வீட்டுப் பையன்தான் அலெக்.

இதைச் சொல்லி முடிச்சதும் அம்மா கேட்டாங்க, "ஏங்கண்ணு, குடிச்சுப்போட்டுப் படுத்தவன் அப்பன். புள்ளை என்ன பண்ணும்?"

நான் அந்தப் பக்கத்து ஓரத்தைப் பாத்தேன். 'விதி'ன்னு எழுதியிருக்கு.

அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன், நான் 'விதி'ன்னு எழுதின ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி, இது யார் செஞ்சது, எந்தச் சட்டம் செஞ்சது, எந்தக் காசு செஞ்சதுன்னு பாக்கணும்னு. பழைய நாவல் எதையும் மறுபடி படிக்கறவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் இதுதான், முதல் தடவ படிச்சப்போ கைடோ டீச்சரோ தலையில ஏத்தி வச்ச அந்த ஒரு வார்த்தையை எடுத்து எதிர்ல வச்சுக்கிட்டு, அது நிக்குதான்னு பாத்துக்கிட்டே போங்க. பதிப்புல முன்னால இருக்கற நீளமான முன்னுரையைக் கடைசியில படிங்க, அது முழுக் கதையையும் சொல்லி, நீங்க என்ன நினைக்கணும்னும் சொல்லிடும்.

அடுத்த சிக்கல் பதினோராவது அத்தியாயம். த சேஸ்னு ஒரு பழங்காடு, ராத்திரி, மூடுபனி. அலெக் அவளைக் குதிரையில கூட்டிட்டு வந்து வேணும்னே வழி தவற விடறான், அவளை இலைச்சருகு மேல உக்கார வச்சுட்டு வழி பாக்கப் போறேன்னு போறான், திரும்பி வரப்போ அவ அசந்து தூங்கிட்டு இருக்கா, இமையில கண்ணீர் காயாம இருக்கு. அதோட ஹார்டி திரையை இழுத்துடறார். கைடுல இதுக்குப் போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் மயக்கி இணங்க வைக்கறதுன்னு. நானும் அப்படியே அம்மாகிட்ட, "மயக்கிட்டான்மா" அப்படின்னேன்.

"புள்ளை தூங்கிட்டுத்தான கெடந்துச்சு? தூங்கற புள்ளையை என்னத்தை மயக்கறது?"

எனக்கு அப்படியே வாயடைச்சுப் போச்சு. இருபது வருஷமா அந்த வார்த்தையை நான் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஆராய்ச்சியாளர்கள் இந்த இடத்தைப் பத்தி நிறைய சண்டை போட்டிருக்காங்க, ஹார்டியே பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பகுதியை மாத்தினவர், 1891ல வந்த முதல் பொஸ்தகப் பதிப்புல அலெக் அவளுக்கு ஒரு மருந்துக்கடை பாட்டில்ல இருந்து ஏதோ குடிக்க வைக்கறதா இருக்கு, பின்னால வந்த பதிப்புகள்ல அது இல்லை. அதுக்கப்புறமும் சில வாரம் டெஸ் அந்த வீட்லயே இருந்தா, அதை வச்சுத்தான் சில பேர் இணங்கினான்னு சொல்றாங்க. ஆனா பதினாலாவது அத்தியாயத்துல ஒரு இடம் இருக்கு, காலேஜ்ல நான் கண்டுக்கவே இல்லை, அறுவடை வயல்ல டெஸ் உக்காந்து குழந்தைக்குப் பால் குடுக்கறா, கூட வேலை செய்யற பொம்பளைங்க தள்ளி நின்னு பேசிக்கறாங்க, இந்தக் குழந்தை வந்ததுல பேசி மசிய வச்சதுக்கும் மேல ஏதோ இருந்திருக்கு, போன வருஷம் ஒரு ராத்திரி சேஸ் காட்டுல விசும்பி அழற சத்தத்தைக் கேட்டவங்க இருக்காங்க, அந்தப் பக்கம் ஆளுங்க வந்திருந்தா ஒருத்தன் பாடு கஷ்டமாயிருக்கும்னு. அவ்வளவுதான், ரெண்டு மூணு வரி, அப்புறம் பேச்சு வேற பக்கம் போயிடுது. அப்போ ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. சத்தம் கேட்டிருக்கு. யாரும் வரலை.

இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் திண்ணையில உக்காந்துட்டேன். எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு ரெண்டாவது வருஷம் பாதியில நின்னுட்டா, இந்த நாவல் நடந்துட்டு இருந்த அதே செமஸ்டர். ஹாஸ்டல்ல எங்களுக்கு ஏதோ தெரியும், முழுசாத் தெரியாது, தெரிஞ்சதைக் குசுகுசுன்னு பேசினோம், பாவம் அவ தலையெழுத்துன்னு சொன்னோம், யாரும் அவ ஊருக்கு ஒரு தடவ போய்ப் பாக்கலை, ஒரு லெட்டர் போடலை. அந்த வயல்ல நின்னு பேசின பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. விதின்னு நான் பொஸ்தகத்துல எழுதினதும் அவளைப் பத்திச் சொன்னதும் ஒரே வார்த்தைதான்றது இப்பத்தான் எனக்கு உறைச்சுது.

டெஸ் வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மாகிட்டக் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, ஆம்பளைங்ககிட்ட ஆபத்து இருக்குன்னு ஏன் எனக்குச் சொல்லலை, பணக்கார வீட்டுப் பொண்ணுங்களுக்குத் தெரியும், அவங்க நாவல் படிக்கறாங்க, இந்தத் தந்திரமெல்லாம் அதுல இருக்கு, எனக்கு அப்படிக் கத்துக்க வழியே இல்லையேன்னு. அதைச் சொன்னப்போ அம்மா எதுவும் பேசலை. எனக்கும் யாரும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த 130 வருஷத்துல மாறாத வரி அது.

குழந்தை பேர் சாரோ, துயரம்னு அர்த்தம். ஞானஸ்நானம் ஆகாம செத்துட்டா நரகம்னு பயந்து, ராத்திரியில தம்பி தங்கச்சிங்களை எழுப்பி வரிசையா மண்டியிட வச்சு, கை கழுவற பேசின்ல தண்ணி ஊத்தி டெஸ்ஸே ஞானஸ்நானம் குடுக்கறா. காலையில குழந்தை இறந்துடுது. பாதிரியார் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் பண்ண மறுக்கறார், கல்லறைத் தோட்டத்துல குடிகாரங்களையும் தற்கொலை பண்ணினவங்களையும் புதைக்கற ஒரு மூலை, அங்க ஒரு மார்மலேட் ஜாடியில பூ வச்சுட்டு வர்றா. ஜாடி மேல கம்பெனி பேர் இருக்கேன்னு யாராவது கேட்டா என்ன, தாய்க் கண்ணுக்கு அது தெரியாதுன்னு ஹார்டி எழுதறார். இந்த அத்தியாயத்தைப் படிச்சுக்காட்டும்போது எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, மீதியை அடுத்த நாள்தான் சொன்னேன்.

படிக்கற விதத்தைப் பத்தியும் சொல்லிடறேன். ஹார்டியோட கிராமத்து ஆளுங்க பேசற இங்கிலீஷ் கண்ணால பாத்தா புரியாது, வாய் விட்டுப் படிங்க. 'மிட்'னா 'மைட்', 'ஈ'ன்னா 'யூ', ரெண்டு நாள்ல காது பழகிடும். டெஸ் ஆறாம் வகுப்பு வரை லண்டன்ல டிரெயினிங் எடுத்த டீச்சர்கிட்டப் படிச்சவ, அதனால அவளுக்கு ரெண்டு பாஷை, வீட்ல ஊர்ப் பேச்சு, வெளியில நல்ல இங்கிலீஷ்னு ஹார்டியே சொல்றார். வீட்ல ஒரு தமிழ் கிளாஸ்ல ஒரு தமிழ்னு வளந்த நமக்கு இது விளக்கவே வேண்டாம், அவ எப்போ எந்தப் பாஷைக்கு மாறறான்னு கவனிச்சாலே அவ மனசு தெரியும். போன்ல இ-புக்கா வச்சுக்கிட்டா வார்த்தையைத் தொட்டு அர்த்தம் பாத்துக்கலாம், காப்பிரைட் முடிஞ்ச நாவல், புராஜெக்ட் குட்டன்பர்க்ல இலவசமாவே இருக்கு. ஆனா குறிப்புகளோட ஒரு நல்ல பதிப்பும் கூட வேணும், என்னென்ன மாறுச்சுன்னு அதுலதான் தெரியும். 1891ல 'கிராஃபிக்'ன்ற வாரப் பத்திரிகையில தொடரா வந்தப்போ குடும்பப் பத்திரிகைன்றதால காட்டுல நடந்ததும் ஞானஸ்நானமும் வெட்டப்பட்டு, அலெக் போலிக் கல்யாணம் பண்ணி ஏமாத்தினதா மாத்தினாங்க. டெஸ் பின்னால கட்டிக்கற ஏஞ்சல் கிளேர் மழைத்தண்ணி தேங்கின ரோட்டுல பால்பண்ணைப் பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போற இடம் ஒண்ணு வரும், பத்திரிகையில தூக்கக் கூடாதுன்னு ஒரு தள்ளுவண்டியில வச்சுத் தள்ள வச்சாங்க.

பால்பண்ணைன்னதும் அம்மா நிமிந்து உக்காந்துட்டாங்க. டெஸ் கொஞ்ச நாள் கழிச்சு டால்பத்தேஸ்ன்ற பண்ணைக்குப் பால் கறக்கப் போறா, அங்கதான் ஏஞ்சலைப் பாக்கறா. எங்க வீட்ல நாலு மாடு இருந்துது, அம்மா முப்பது வருஷம் சொசைட்டிக்குப் பால் ஊத்தினவங்க. புது ஆள் வந்தா மாடு பாலை அடக்கிக்கும், பாட்டுப் பாடிக் கறப்பாங்கன்னு சொன்னதும், "ஆமா, நம்ம செவலை உங்க அத்தை கை பட்டா ஒரு சொட்டு விடாது"ன்னாங்க. வெண்ணெயில பூண்டு வாசம் வந்து, எல்லாரும் கத்தியோட வரிசையா குனிஞ்சு மேய்ச்சல் நிலம் பூரா பூண்டுச்செடியைத் தேடற இடத்தை ரெண்டு தடவ சொல்லச் சொன்னாங்க. காலேஜ்ல இதெல்லாம் வர்ணனைன்னு தாண்டிப் போனேன். தாண்டாதீங்க, டெஸ் சந்தோஷமா இருந்த ஒரே இடம் இதுதான், அந்த நிதானம் இருந்தாத்தான் பின்னால ஃபிளின்ட்கோம்-ஆஷ் மேட்டு நிலத்துல மழையில நின்னு, ஆடுமாடு மேல்பாதியைத் தின்னுட்ட கிழங்கோட அடிப்பாதியைத் தோண்டி எடுக்கற வேலை எவ்வளவு கொடுமைன்னு உடம்புல உறைக்கும்.

கல்யாணம். டெஸ் நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதி ஏஞ்சல் ரூம் கதவுக்கு அடியில தள்ளறா, அது கார்ப்பெட்டுக்கு அடியில போயிடுது. காலேஜ்ல எல்லாரும் இதைத்தான் விதிக்குப் பெரிய உதாரணமாச் சொன்னோம். இப்போ மெதுவாப் படிச்சாத்தான் தெரியுது, கல்யாணத்துக்கு முன்னாடியே அவ அந்த லெட்டரைக் கண்டுபிடிச்சுடறா! மாடிப்படிக்கிட்ட அவனை நிறுத்தி, என் தப்பையெல்லாம் உங்ககிட்டச் சொல்லணும்னு வாய் விட்டுக் கேக்கறா. அவன்தான், வேண்டாம் வேண்டாம், இன்னைக்கு நீ குறையே இல்லாதவளா இருக்கணும், அப்புறம் பேசிக்கலாம்னு அடைச்சுடறான். கார்ப்பெட் மேல என்ன தப்பு?

அன்னைக்கு ராத்திரி அவன் முதல்ல தன் கதையைச் சொல்றான், லண்டன்ல முன்பின் தெரியாத ஒருத்தியோட 48 மணி நேரம். அவ உடனே மன்னிக்கறா. அவ தன் கதையைச் சொன்னதும், நான் காதலிச்ச பொண்ணு நீ இல்லை, உன் உருவத்துல இருக்கற வேற ஒருத்தின்றான். டைவர்ஸ் பண்ணிக்கலாமேன்னு அவ பாவமா கேக்கறா, உனக்குச் சட்டம் தெரியலைன்றான். நான் தேடிப் பாத்தேன், அவன் சொன்னது சரி, கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. ஆனா 1857 சட்டப்படி பொண்டாட்டி தவறினா அந்த ஒரு காரணமே புருஷனுக்குப் போதும், புருஷன் தவறினா பொண்டாட்டி அதோட கொடுமையோ கைவிட்டதோ வேற ஒண்ணும் சேத்துக் காட்டணும், இது 1923லதான் சமமாச்சு. ஏஞ்சல் மனசுல இருந்த தராசும் நாட்டோட சட்டத்துல இருந்த தராசும் ஒண்ணுதான்.

காசைக் கவனிங்க, விக்டோரியா காலத்து நாவல்ல காசு வர்ற இடமெல்லாம் பென்சில்ல குறிச்சுக்கங்க. ஏஞ்சல் அவளை விட்டுட்டு பிரேசிலுக்குப் போகும்போது குடுத்த 50 பவுண்டுல பாதியை டெஸ் அம்மாகிட்டக் குடுத்துட்டு வர்றா, அப்புறம் வந்த 30ல 20 கூரை மாத்தப் போயிடுது, அதனாலதான் அவ கிழங்குக் காட்டுக்குப் போறா. அப்பன் செத்ததும் வீடும் போயிடுது, ஏன்னா அந்த வீடு மூணு பேரோட ஆயுசுக்கு மட்டும் எழுதின குத்தகை, மூணாவது ஆயுசு அந்த ஆள். ஏப்ரல் 6ன்னா பழைய லேடி டே, விவசாயக் கூலிங்க வீடு மாத்தற நாள், அன்னைக்குச் சாமான் சட்டியோட தெருவுக்கு வந்த குடும்பத்தைக் காட்டித்தான் அலெக் அவளை மறுபடி வளைக்கறான். இந்தப் பக்கத்துலயும் 'விதி'ன்னு எழுதி வச்சிருந்தேன். குத்தகைன்னு திருத்தினேன்.

எல்லாத்துக்கும் இப்படிப் பதில் கிடைக்கலை, அதையும் சொல்லணும். பதினைஞ்சு மைல் நடந்து மாமனார் வீட்டுக்குப் போறா, நடந்து வந்த கனமான பூட்ஸைப் புதர்ல ஒளிச்சு வைக்கறா, அதை ஏஞ்சலோட அண்ணனுங்க எடுத்து, ஏதோ பிச்சைக்காரனோடதுன்னு பேசறதைக் கேட்டுட்டு, பெரியவரைப் பாக்காமலே திரும்பிடறா. அந்தப் பெரியவர் இரக்கப்பட்டிருப்பார்னு ஹார்டி சொல்றார். இங்கெல்லாம் அவர் கதையை இழுத்துக் கட்டறார்னுதான் எனக்குப் படுது. இன்னொண்ணும் நெருடுச்சு, டெஸ்ஸோட வாயையும் உதட்டையும் ஹார்டி திரும்பத் திரும்ப வர்ணிக்கறார், சில இடத்துல அலெக் பாக்கற மாதிரியே பாக்கறார். பிடிச்ச நாவல்ல இது நெருடுனா நெருடுதுன்னு ஓரத்துல எழுதிட்டுத் தொடரலாம். இதே மனுஷன்தான் தலைப்புப் பக்கத்துல 'தூய பெண்'னு உபதலைப்பு போட்டு அத்தனை வசையையும் வாங்கிக்கிட்டார்.

கடைசிப் பகுதி. ஏஞ்சல் பிரேசில்ல நோயில அடிபட்டு, புத்தி தெளிஞ்சு திரும்பி வர்றான், டெஸ்ஸைத் தேடி வர்ற வழியில அவ அப்பனோட கல்லறைக்கல்லுக்குக் காசு பாக்கின்னு கேள்விப்பட்டு அதைக் கட்டிட்டுப் போறான். "செத்தவன் கல்லுக்குக் குடுத்துப்போட்டான், உசுரோட இருந்தவ கெழங்கு தோண்டினா"ன்னாங்க அம்மா. அதுக்குள்ள டெஸ் அலெக்கோட இருக்கா, அவனைக் கத்தியால குத்திட்டு ஏஞ்சல் பின்னால ஓடி வர்றா, சில நாள் ஒளிஞ்சு திரியறாங்க, கடைசியில ஸ்டோன்ஹெஞ்ச் கல்லு மேல படுத்துத் தூங்கறா, விடியறப்போ சுத்தி ஆளுங்க. நான் தயார்னு எழுந்துக்கறா. தூக்கு நேரா வராது, தூரத்துல சிறைக் கோபுரத்துல கறுப்புக் கொடி ஏர்றது மட்டும்தான். ஹார்டி 16 வயசுல, 1856ல, டார்செஸ்டர்ல மார்த்தா பிரவுன்ற பொண்ணைத் தூக்குல போட்டதைக் கூட்டத்துல நின்னு பாத்தவர், தன்னை அடிச்ச புருஷனைக் கொன்னவ அவ. அதைக் கடைசி வரைக்கும் அவர் மறக்கலை. நாவல்ல நம்மளை அந்தக் கூட்டத்துல நிக்க விடாம மலை மேல நிறுத்தினது அதனாலதான்னு நான் நம்பறேன்.

தூக்குக்கு முன்னாடி டெஸ் ஏஞ்சல்கிட்ட, என் தங்கச்சி லைசா-லூவைக் கட்டிக்கங்கன்னு கேக்கறா. அவன் தயங்கறான், அங்க அப்போ செத்த பொண்டாட்டியோட தங்கச்சியைக் கட்டறது சட்டப்படி செல்லாது, 1907லதான் மாத்தினாங்க. காலேஜ்ல இது எனக்குத் தெரியாது, நம்ம பக்கம் சகஜம்தானேன்னு கடந்துட்டேன். அம்மாவுக்கு இதை விளக்கறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு, "கொழுந்தியாளைக் கட்டறதுல என்னடி தப்பு"ன்னு ரெண்டு நாள் கேட்டாங்க. நமக்குச் சாதாரணமாத் தெரியற இடம்தான் அந்த ஊர்க்காரங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும், அங்க நின்னு ஒரு தடவ தேடிப் பாத்துடுங்க.

கடைசி அத்தியாயம் சொல்லி முடிச்சப்போ மணி பத்தரை. கொடி ஏறுது, ஏஞ்சலும் லைசா-லூவும் கைகோத்துக்கிட்டு நடந்து போறாங்க, அவ்வளவுதான்மான்னு பொஸ்தகத்தை மூடி லைட்டை அணைச்சேன். அம்மா இருட்டுல விரல் விட்டு எண்ற மாதிரி முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க.

"மூத்தவ போயிட்டா, இவ அவங்கூடப் போயிட்டா. அந்த ஊட்ல இன்னும் அஞ்சு இருக்குதல்லோ. தேன்கூட்டு வண்டியில போன பையன், அப்பறம் ரெண்டு பொட்டப்புள்ளைக, ரெண்டு பொடுசு. அதுகளுக்கு ஆரு சோறு போடறாங்கன்னு எழுதலையா?"

"இல்லமா. அதோட முடிஞ்சிருது."

"நல்லாப் பாரு கண்ணு" அப்படின்னாங்க.

லைட்டைப் போட்டு மறுபடி பொஸ்தகத்தைத் திறந்தேன்.